காட்டை உடுத்துதல்: மோரி கேர்ள் பாணி

மோரி கேர்ள் உடுப்போடு நிஜக் காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். பாவாடை விளிம்பின் லேஸ் முட்செடியில் மாட்டிக் கிழிந்திருக்கும், கம்பளிச் சால்வை முழுக்க விதைகளும் சருகும் ஒட்டியிருக்கும். 'மோரி' என்றால் ஜப்பானிய மொழியில் காடு. ஆனாலும் இந்த உடுப்பு பிறந்ததும் வளர்ந்ததும் மாநகரத்தில்தான். ரயிலிலும் காபிக்கடையிலும் பழைய புத்தகக் கடையிலும் ஒரு பெண்ணைப் பார்க்கிறோம்; இவள் இப்போதுதான் ஏதோ ஒரு காட்டிலிருந்து இறங்கி வந்தாளோ என்று ஒரு கணம் தோன்ற வேண்டும். அவ்வளவுதான் இதன் இலக்கணம். எதை வாங்குவது, எதை விடுவது, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

லோலிடா, கியாரு போன்ற மற்ற ஜப்பானிய உடுப்புப் பாணிகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. லோலிடா உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போக முடியும். மோரி உடுப்பில் காலையில் எழுந்து, கடைக்குப் போய், நூலகத்தில் உட்கார்ந்து, இரவு வீடு திரும்பலாம். திரும்ப வேண்டும் என்றே சொல்வேன். நாள் முழுக்கப் போட்டிருக்க முடியாத ஒன்றை இந்தப் பாணியில் சேர்க்காதீர்கள்.

எங்கிருந்து வந்தது

2006-ல் 'மிக்ஸி' என்ற ஜப்பானியச் சமூக வலைத்தளத்தில் ஒரு பெண் இந்தப் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். காட்டில் இருக்கிறவள் மாதிரி உடுத்துகிறாயே என்று அவரிடம் தெரிந்தவர் ஒருவர் சொன்னதுதான் பெயருக்குக் காரணம். மோரி கேர்ள் என்பவள் யார் என்று அவர் நீண்ட பட்டியல் ஒன்றும் போட்டார். தொளதொளப்பான கவுன், வட்ட மூக்குச் செருப்பு, வடக்கு ஐரோப்பியக் கோலங்கள் போட்ட கம்பளி என்று உடுப்பைப் பற்றியவை அதில் இருந்தன. கேமராவும் கையுமாக நடப்பது, நல்ல காபிக்கடையைத் தேடிப் போவது, சின்னச் சின்னப் பொருட்கள் விற்கும் 'ஸக்கா' கடைகளில் பொழுதைக் கழிப்பது என்று பழக்கங்களும் இருந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் அதைப் படித்துவிட்டு, "அட, இது நான்தான்" என்று வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் உடுப்பு முன்பே இருந்தது. பெயர் மட்டும்தான் இல்லாதிருந்தது.

அதே 2006-ல் இரண்டு படங்கள் வந்தன. உமினோ சிகாவின் 'ஹனி அண்ட் க்ளோவர்' மங்கா திரைப்படமானது. தொளதொள உடைக்குள் ஒளிந்துகொண்டு சிற்பமும் ஓவியமும் செய்யும் ஹாகு என்ற சிறு உருவப் பெண்ணாக நடிகை அஓய் யூ நடித்தார். பிறகு மோரி கேர்ள் என்றாலே அவர் முகம்தான் நினைவுக்கு வரும் என்ற நிலை. இன்னொன்று ஒகிகாமி நஓகோ இயக்கிய 'கமோமே ஷோகுடோ'. ஹெல்சிங்கியில் சின்ன உணவகம் நடத்தும் ஜப்பானியப் பெண்ணின் கதை. பின்லாந்தின் கோப்பைகள், மரச்சாமான்கள், துணிக்கோலங்கள் மீது ஜப்பானியப் பெண்களுக்கு இருந்த மோகத்தை அது இன்னும் ஏற்றிவிட்டது. மோரி கேர்ளின் கற்பனைக் காட்டில் ஜப்பானிய மூங்கிலைவிட வடக்கு ஐரோப்பாவின் பிர்ச் மரம்தான் அதிகம் நிற்கிறது. அதற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.

வேர் இன்னும் பழையது. 1982-ல் தொடங்கிய 'ஆலிவ்' இதழைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை, பிரெஞ்சுப் பள்ளி மாணவியின் எளிமையான உடுப்பைக் கனவு கண்டது. கனேகோ இஸாஓவின் 'பிங்க் ஹவுஸ்' பருத்தித் துணியில் கொசுவமும் சுருக்கமும் அடுக்கடுக்காக வைத்த கவுன்களை எண்பதுகளில் பிரபலமாக்கியது. முரஓகா ஹனாகோ 1952-ல் மொழிபெயர்த்த 'ஆன் ஆஃப் க்ரீன் கேபிள்ஸ்' நாவலையும், அதை 1979-ல் தொலைக்காட்சித் தொடராக்கிய தகஹாடா இஸாஓவையும் விட்டுவிட முடியாது. சிவந்த சடையும் வைக்கோல் தொப்பியுமாக அந்த அனாதைப் பெண் ஜப்பானிய வீடுகளில் பல காலமாகக் குடியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் இது ஏன் பற்றிக்கொண்டது என்பதற்கு என் கணிப்பு ஒன்று. இரண்டாயிரத்துகளின் நடுவில் ஜப்பானியப் பெண்கள் இதழ்களில் கொடி கட்டிப் பறந்தது 'மோதே' பாணி, அதாவது ஆண்கள் மெச்சும்படி உடுத்துவது. 'கேன்கேம்' இதழின் மாடல்களைப் பார்த்து நாடே உடுத்திக்கொண்டிருந்த காலம். இடுப்பு தெரியாத, முழங்கால் தெரியாத, யாரையும் கவர நினைக்காத ஒரு உடுப்பு அப்போது வந்தது. அது சண்டைக்கு நிற்கவில்லை; அந்தப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. 'ஸ்பூன்' போன்ற இதழ்கள் இதை எடுத்துப் பேச, 2009, 2010 வாக்கில் பெரிய கடைகளெல்லாம் 'மோரி' என்று பலகை வைத்தன. சில ஆண்டுகளில் அலை ஓய்ந்தது. இன்று டோக்கியோவில் இளம்பெண் ஒருத்தியிடம் நீ மோரி கேர்ளா என்று கேட்டால், அம்மா காலத்துப் பேச்சு போலச் சிரிப்பாள். ஆனால் அவள் போட்டிருக்கும் தொளதொள லினன் கவுன் அங்கிருந்து வந்ததுதான்.

துணியைத் தொட்டுப் பாருங்கள்

படங்களைப் பார்த்துக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் நிறத்தையும் லேஸையும் தேடுவார்கள். நான் துணியிலிருந்து தொடங்கச் சொல்வேன். பாலியெஸ்டர் ஷிஃபானில் என்னதான் மான் படமும் காளான் படமும் அச்சடித்திருந்தாலும் அது மேடை நாடக உடுப்பாகத்தான் தெரியும். வெறும் லினனில், ஓர் அலங்காரமும் இல்லாமல், நன்றாகத் துவைத்துத் துவைத்து இளகிய பழுப்பு நிறக் கவுன் ஒன்று தனியாகவே பாதி வேலையை முடித்துவிடும்.

லினன், பருத்தி, கம்பளி இந்த மூன்றும் போதும். பருத்தியில் ஜப்பானியர்கள் கொண்டாடும் வகை 'இரட்டை காஸ்': நம்ம மல் துணியைப் போன்ற மெல்லிய நெசவு இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இடைவெளி விட்டு நூலால் பிணைத்திருப்பார்கள். குழந்தைத் துணி போல மென்மையாக இருக்கும், நடுவில் காற்று தங்கும். இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தால் அந்த உப்பல் போய்விடும். உதறிக் காயப்போட்டாலே போதும். நகத்திலும் மோதிரத்திலும் சட்டென்று மாட்டி நூல் இழுக்கும் என்பது இதன் ஒரே குறை.

நிறத்துக்கு அடித்தளம் காடாத் துணியின் வெளுக்காத வெண்மை. அதன் மேல் பழுப்பு, பாசிப் பச்சை, ஒயின் சிவப்பு, அடர் நீலம் வரலாம். சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் இதில் ஒட்டாமல் நிற்கும். ரோஜா நிறம் வேண்டுமென்றால் வெயிலில் வெளிறியது போல இருக்கட்டும். கோலங்களில் சின்னப் பூக்கள், கட்டங்கள், வடக்கு ஐரோப்பியக் கம்பளிப் பின்னல் மூன்றும் பொருந்தும். ஒரே சமயத்தில் மூன்றையும் போடாதீர்கள். மெட்ராஸ் செக் என்ற பெயர் ஜப்பானியத் துணிக்கடைகளிலும் பழகிய பெயர்தான். நம் ஊர்ப் பெயர் என்ற பாசத்தில் அதை எடுத்துவிடாதீர்கள், இந்தப் பாணிக்கு அதன் நிறங்கள் சத்தம் போடும்.

அடுக்குவது எப்படி

வாழைத்தண்டின் மட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படிந்திருப்பது போல உடுப்பு படிய வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து துணி, சேர்த்துப் பார்த்தால் ஒரே உருவம். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் மேலே மேலே போட்டுக்கொண்டால் காட்டிலிருந்து வந்தவள் போல இருக்காது, துவைக்கிற துணி மூட்டையைச் சுமந்து வந்தவள் போல இருக்கும்.

நீளத்தில் கவனம் வையுங்கள். உள்ளே இருப்பது நீளம், மேலே போகப் போகக் குட்டை. கணுக்காலுக்கு மேல் நிற்கும் உள்பாவாடை அல்லது 'டோரோவாஸு' என்று அவர்கள் சொல்லும் விளிம்பில் லேஸ் வைத்த தொளதொளக் கால்சட்டை அடியில். அதன் மேல் அதைவிட நான்கைந்து விரல்கடை குட்டையான ஏ-லைன் கவுன். லேஸ் எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் அது தவறிப்போய்த் தெரிகிற மாதிரி இருக்கக் கூடாது; ஒரு விரல்கடை மட்டும் தெரிந்தால் உள்பாவாடை நழுவிவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். கவுனுக்கு மேல் இடுப்பளவில் நிற்கும் கார்டிகனோ கம்பளி வெஸ்டோ. கழுத்தில் சால்வை அல்லது வளையமாகப் பின்னிய ஸ்னூட்.

பருமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. கீழே உப்பினால் மேலே அடக்கம், மேலே போன்ச்சோ போட்டால் கீழே ஒல்லியான காலுறை. இரண்டு பக்கமும் உப்பினால் உயரம் குறைந்தவர்கள் துணிக்குள் காணாமல் போவார்கள். உயரமானவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கவுனின் இடுப்புக் கோடு மார்புக்குச் சற்றுக் கீழே இருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது கர்ப்பிணி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இந்தப் பாணியில் அந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

காலுக்கு வட்ட மூக்குத் தோல் செருப்பு, கயிறு கட்டும் குட்டை பூட்ஸ், மரக்கட்டை அடி வைத்த 'ஸாபோ'. குதிகால் உயரமானவை வேண்டாம். ஒரு மணி நேரம் நிதானமாக நடக்க முடியாத காலணி இங்கே உதவாது. பைக்குக் கூடை, அல்லது துவண்ட தோல் பை. கைப்பணத்துக்குக் 'கமகுச்சி', அதாவது தவளை வாய் போலப் பட்டென்று மூடும் உலோகப் பிடி வைத்த குட்டிப் பை. நகையில் பழைய சாவி, சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம், பறவை, முயல், ஓக் கொட்டை. ஒன்று போடலாம், இரண்டும் போடலாம். மூன்றாவதை எடுக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று யோசியுங்கள்.

முடியும் முகமும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தளர்ந்த சடை, அல்லது காற்றில் கலைந்தது போன்ற குட்டை முடி. கன்னத்தில் லேசாகச் சிவப்பு. அத்துடன் நிறுத்துங்கள்.

எங்கே வாங்குவது

டோக்கியோவுக்குப் போகிறீர்கள் என்றால் சூஓ ரயில் தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயென்ஜியில் பழைய உடுப்புக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன, நிஷி-ஓகிகுபோவில் பழம்பொருள் கடைகள், கிச்சிஜோஜியில் ஸக்கா கடைகளும் காபிக்கடைகளும். மூன்றும் ஒரே தடம். ஒரு சங்கதி: சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஆரஞ்சுப் பட்டை போட்ட விரைவு ரயில் கோயென்ஜியிலும் நிஷி-ஓகிகுபோவிலும் நிற்காது. மஞ்சள் பட்டை போட்ட சாதாரண ரயிலில் ஏறுங்கள். கிச்சிஜோஜியிலிருந்து இனோகஷிரா தடத்தில் ஏறினால் ஷிமோகிதஸாவா, இன்னொரு பழைய உடுப்புக் கோட்டை. இனோகஷிரா பூங்காவைச் சுற்றி நடந்தால் மிதாகாவில் கிப்லி அருங்காட்சியகம். அதற்கு முன்பதிவுச் சீட்டு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

பழைய உடுப்புக் கடையில் போட்டுப் பார்க்கும் அறைக்குள் போகும்போது காலணியைக் கழற்றுவது வழக்கம். தலை வழியாகப் போடும் துணி என்றால் மெல்லிய துணியாலோ காகிதத்தாலோ ஆன முக உறை ஒன்று கொடுப்பார்கள். முகப்பூச்சு துணியில் படாதிருக்க அதை மாட்டிக்கொள்ள வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். அக்குளையும் கழுத்துப் பட்டையையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேஸில் ஓட்டை இருந்தால் தைத்துவிடலாம், மஞ்சள் கறை போவது கஷ்டம்.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது 'ஃப்ரீ சைஸ்' என்ற சொல்லில். உடம்பு தொளதொளவென்று இருக்கும், தோளும் கைக்குழியும் ஜப்பானிய உடல்வாகுக்கு வெட்டியிருக்கும். அதனால் அட்டையில் செ.மீ.-யில் போட்டிருக்கும் தோள் அகலத்தை முதலில் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் உடல் அகலம் துணியைத் தட்டையாக விரித்து ஒரு பக்கம் மட்டும் அளந்தது. மார்புச் சுற்றளவுக்கு அதை இரட்டிக்க வேண்டும். வீட்டிலிருந்தே உங்களுக்குப் பொருந்தும் ஒரு கவுனை அளந்து குறித்துக்கொண்டு போனால் பாதித் தலைவலி தீரும்.

புதிதாக வாங்குவதற்கு 'சமன்சா மோஸ்மோஸ்', 'எர்த் மியூசிக் அண்ட் ஈகாலஜி' போன்றவை கைக்கு எட்டும் விலை. இரண்டாவது நிறுவனம் ஒகயாமாவில் வேரூன்றியது. பள்ளிச் சீருடைக்கும் டெனிமுக்கும் பேர்போன நெசவு வட்டாரம் அது. மினகவா அகிரா 1995-ல் தொடங்கிய 'மினா பெர்ஹோனென்' வேறு ரகம். துணிக்கோலத்தை அவரே வரைந்து நெய்யச் செய்கிறார். விலை எட்டாது, ஆனாலும் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதில் நட்டமில்லை.

சந்தைகளை மறக்க வேண்டாம். கியோட்டோவில் சியோன்-ஜி கோவில் வளாகத்தில் மாதந்தோறும் 15-ஆம் தேதி கைவினைச் சந்தை, தோஜி கோவிலில் 21-ஆம் தேதி பழம்பொருள் சந்தை, கிதானோ தென்மாங்குவில் 25-ஆம் தேதி. டோக்கியோவின் ஸெதகயாவில் டிசம்பர் 15, 16, ஜனவரி 15, 16 தேதிகளில் கூடும் போரோ-இச்சி நானூறு ஆண்டுகளைத் தாண்டிய சந்தை. இந்த இடங்களில் காலையிலேயே போகிறவருக்குத்தான் நல்ல லேஸும் பொத்தானும்.

தைக்கத் தெரிந்தால்

தையல் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாணி வரம். இடுப்பில் பிடிப்பு இல்லை, ஜிப் இல்லை, டார்ட் இல்லை. டோக்கியோவின் நிப்போரியில் ஒரு தெரு முழுக்கத் துணிக்கடைகள். 'டொமேட்டோ' என்ற கடை அங்கே பெரியது. துணி 10 செ.மீ. கணக்கில் வெட்டித் தருவார்கள். சாதாரணப் பருத்தி அகலம் 110 செ.மீ. வாக்கில் இருக்கும் என்பதை மனத்தில் வைத்து எவ்வளவு வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புன்கா பதிப்பகத்தின் தையல் நூல்களில் முழு அளவு வரைபடத் தாள் ஒட்டியிருக்கும். பல உடுப்புகளின் கோடுகள் ஒரே தாளில் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும். மெல்லிய காகிதத்தை மேலே விரித்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் படியெடுக்க வேண்டும். அந்தக் கோட்டில் தையலுக்கு விடும் ஓரத்துணி சேர்ந்திருக்காது. படியெடுத்த பிறகு நீங்களே 1 செ.மீ. அல்லது நூல் சொல்லும் அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் வெட்டினால் கைக்குழிக்குள் கை நுழையாது. லினனை வெட்டுவதற்கு முன்பு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். தைத்த பிறகு சுருங்குவதைவிட முன்பே சுருங்கட்டும்.

கோடை, மழை, மகரந்தம்

அடுக்கடுக்காக உடுத்துவது ஜப்பானியக் கோடைக்கும் ஒத்து வராது. ஆகஸ்ட் மாத டோக்கியோவின் புழுக்கம் சென்னைக்காரர்களையே வியர்க்க வைக்கும். கோடையில் அடுக்கு ஒன்றுதான், மிஞ்சினால் ஒன்றரை: லினன் கவுன், உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, தலையில் வைக்கோல் தொப்பி. அடுக்கின் உணர்வை லேஸ் காலர், கூடைப்பை, பின்னிய கைப்பட்டை போன்ற சிறு பொருட்களில் காட்டிவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் குளிர்காலப் படங்களைப் புரட்டாமல் நேராக இந்தக் கோடை உடுப்பைப் பின்பற்றுங்கள்.

வேடிக்கையான சங்கடம் ஒன்று வசந்தத்தில் வரும். ஜப்பானின் நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு காடு. போருக்குப் பிறகு நட்ட ஊசியிலை வகை 'சுகி' மரங்கள் அதில் ஏராளம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவற்றின் மகரந்தம் நகரத்துக்கு வந்து கோடிக்கணக்கானவர்களைத் தும்ம வைக்கிறது. கம்பளியும் புசுபுசுவென்ற துணியும் மகரந்தத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். காட்டுப் பெண் உடுப்பு நிஜக் காட்டின் தூசியை வீட்டுக்குள் அழைத்து வரும் பருவம் இது. அந்த மாதங்களில் மேலே வழவழப்பான பருத்தி மேலங்கி போடுங்கள், வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே போங்கள்.

நிஜக் காட்டில் படம் எடுக்க ஆசையிருந்தால் மெய்ஜி ஜிங்கூ கோவில் வளாகத்தில் தொடங்கலாம். சுமார் 70 ஹெக்டேர். இயற்கைக் காடு போலத் தெரிந்தாலும் 1920-ல் கோவில் எழுந்தபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் கொடுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு மனிதர்கள் உண்டாக்கியது. பாதையில் விழும் இலைகளைப் பெருக்கி மீண்டும் மரத்தடியிலேயே கொட்டுகிறார்கள். அங்கிருந்து எதையும் வெளியே எடுத்துப்போவதில்லை. ஓக் கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போடுவது மோரி கேர்ளுக்குப் பிடித்த பழக்கமாயினும் அங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மலைக்காட்டுக்குள் போவதென்றால் லேஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். உண்ணிகள் பரப்பும் எஸ்எஃப்டிஎஸ் என்ற காய்ச்சல் ஜப்பானில் 2013-ல் உறுதிசெய்யப்பட்டது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வெளிர் நிறம் போட்டால் உண்ணி ஏறுவது கண்ணில் படும். மலையேறும் பெண்களுக்கென்றே 'யாமா கேர்ள்' என்று வேறொரு பாணி 2010 வாக்கில் கிளம்பியது. மழை ஊடுருவாத மேலங்கி, குட்டைப் பாவாடைக்கு அடியில் இறுக்கமான காலுறை. பெயர் ஒத்திருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள், அவர்கள் உண்மையாகவே மலையேறுகிறவர்கள்.

கூட்டாளிகள்

லோலிடாக்கள் தேநீர் விருந்து வைத்துக் கூடுவார்கள். மோரி கேர்ள்கள் அப்படிக் கூட்டமாகக் கூடுவதில் ஆர்வம் காட்டியதில்லை. தனியாக நடப்பதை விரும்புகிறவர்களின் கூட்டம் இது. ஆகவே இவர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் கைவினைச் சந்தைகள், சின்னப் புத்தகக் கடைகள், படக்கதைக் கண்காட்சிகள் பக்கம் போங்கள். வருடத்தில் இரண்டு தடவை டோக்கியோ பிக் சைட்டில் நடக்கும் 'டிசைன் ஃபெஸ்டா'வில் கையால் செய்த காளான் புரோச்சையும் பின்னிய தொப்பியையும் விற்கும் மேசைகளின் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சிதான். வாங்கிக்கொண்டே பேசினால் பேச்சு வளரும். உடுப்பைப் புகழ்வதைவிட, எங்கே வாங்கினீர்கள், நீங்களே செய்ததா என்று கேளுங்கள்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பது இங்கே சட்டம் மாதிரி. பழைய ஃபிலிம் கேமராவோடு வருகிறவர்கள் பலர். நிறம் வெளிறிய, ஓரம் இருண்ட படங்கள் இந்தப் பாணியின் கையெழுத்தாகவே ஆகிவிட்டன. காபிக்கடைகளில் சாப்பிடுகிறவர்களை ஃபிரேமுக்குள் சேர்க்காதீர்கள். சில கடைகளில் படமே எடுக்கக் கூடாது, வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானுக்கு வெளியே இதன் வாழ்க்கை வேறு திசையில் போனது. பக்கத்து வீட்டுக்காரியான 'டோலி கேய்', ஷிபுயாவின் 'கிரிமுவார்' கடையைச் சுற்றி வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பியக் கிழவியின் பெட்டியிலிருந்து எடுத்தது போன்ற இருண்ட, கனத்த பாணி. மேற்கு நாட்டு ரசிகர்கள் இரண்டையும் கலந்து கறுப்பு மோரி ஒன்றை உண்டாக்கினார்கள். 2020-ல் ஊரடங்கின்போது பரவிய 'காட்டேஜ்கோர்' இதன் தங்கை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதலில்லை. அது பண்ணை வீட்டையும் ரொட்டி சுடுவதையும் கனவு காண்கிறது. மோரி கேர்ள் தன் சிறிய அடுக்குமாடி அறையை விட்டு எங்கும் குடிபெயர நினைத்ததில்லை. இணையத்தில் படம் போட்டால், இது மோரி அல்ல என்று யாராவது வந்து திருத்துவார்கள். முதல் பட்டியலைப் போட்ட பெண்ணே தன் விதிகளை இவ்வளவு கறாராக வைத்ததில்லை.

எடுத்து வைத்தல்

ஜப்பானில் ஜூன் 1, அக்டோபர் 1 தேதிகளை ஒட்டி உடுப்பு மாற்றும் வழக்கம் இருக்கிறது; பள்ளிச் சீருடைகளே அப்போதுதான் மாறும். உங்கள் அலமாரிக்கும் அந்தத் தேதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூனில் வரும் 'த்சுயு' மழைக்காலத்தில் காற்று ஈரமாகவே இருக்கும். துவைக்காமல் மடித்து வைத்த கம்பளியில் பூஞ்சை பிடிக்கும், வியர்வை பட்ட இடத்தை அந்துப்பூச்சி தேடித் தின்னும். கம்பளியைக் குளிர்ந்த தண்ணீரில் கசக்காமல் அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாக விரித்து உலர்த்துங்கள். தொங்கவிட்டால் தோள் நீண்டுவிடும். லேஸ்களைத் தனியாக மெல்லிய தாளில் சுருட்டி வையுங்கள். பெட்டியில் கற்பூரம் போட்டால் கற்பூரம் மட்டும், பாச்சை உருண்டை போட்டால் அது மட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் உருகிக் கசிந்து துணியில் கறை படியும்.